கல்லீரலின் வலப் பின்பகுதியில் புற்று: லேப்ராஸ்கோப்பியில் எந்த அடையாளத்தைப் பிடித்துப் போவது?

பாடப்புத்தகத்தில் கல்லீரலின் எட்டு செக்மென்ட்களுக்கும், அதாவது கூறுகளுக்கும், எட்டு நிறம் பூசியிருப்பார்கள். வயிற்றில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி கேமராவை உள்ளே விட்டால் தெரிவது ஒரே நிறம்தான். தழும்பேறும் சிரோசிஸ் நோய் வந்த கல்லீரல் என்றால் பாகற்காயைப் போல முண்டும் முடிச்சுமாகக் கிடக்கும். இதுதான் ஏழாவது செக்மென்ட், இதோடு எட்டாவது முடிகிறது என்று காட்டும் கோடு எதுவும் அதன்மேல் இருக்காது. வயிற்றைத் திறந்து செய்யும்போது கை உள்ளே போகும். கட்டியைத் தடவிப் பார்க்கலாம், கல்லீரலை உள்ளங்கையில் ஏந்தித் திருப்பலாம், வெட்டும் தளம் கோணலாகப் போனால் விரலே சொல்லிவிடும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அந்த விரல் இல்லை. அதன் இடத்தில் நமக்கு இருப்பவை உடற்கூறு அடையாளங்கள். எந்த அடையாளத்தை முதலில் பிடிப்பது என்பதைத் தோலில் கத்தி வைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். நோயாளியை எந்தக் கோணத்தில் படுக்க வைப்பது, கருவிகள் நுழையும் ட்ரோக்கர் குழாய்களை எங்கே போடுவது என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்துத்தான் அமையும்.

கல்லீரலை லேப்ராஸ்கோப்பியில் வெட்டத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தன் வீட்டில் ஒருவருக்கு இந்த அறுவை நடக்கப் போகிறது, உள்ளே என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களும் படிக்கலாம்.

இடப்பக்கக் கடைசிப் பகுதியை, அதாவது 2, 3 செக்மென்ட்களை எடுப்பதில் பெரிய விவாதம் இல்லை. அரிவாள் வடிவத் தசைநார் மேலேயே தெரிகிறது. அதற்கு இடப்புறம் வெட்டினால் போதும். 2008-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் கூடிய நிபுணர்கள் இந்த ஒரு அறுவைக்கு லேப்ராஸ்கோப்பியே வழக்கமான முறையாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். திண்டாட்டம் இருப்பது வலப் பின்பகுதியில். 6, 7 செக்மென்ட்கள் உதரவிதானத்துக்குக் கீழே, கீழ்ப்பெருஞ்சிரையை ஒட்டி, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. அடையாளத்தைத் தேர்ந்தெடுப்பதில் உண்மையான தடுமாற்றம் அங்கேதான் வருகிறது. அதனால் இந்த ஒப்பீடு முழுக்க அந்த ஒரு அறுவையைச் சுற்றியே.

இப்படி ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டியவர். ஹெபடைடிஸ் பி வைரஸால் வந்த சிரோசிஸ், ஆனால் கல்லீரலின் செயல்திறனை அளக்கும் சைல்ட்-பியூ அளவில் லேசான ஏ நிலைதான். வயிற்றில் நீர் இல்லை, பிலிருபின் சரியாக இருக்கிறது. ஏழாவது செக்மென்ட்டில் 3.5 செ.மீ. அளவில் ஒரே ஒரு கல்லீரல் செல் புற்று. கட்டிக்கும் வலக் கல்லீரல் சிரைக்கும் நடுவே ஒன்றரை செ.மீ. இடைவெளி. கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) சாயத்தை ஊசியில் கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் 14 சதவீதம் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது.

பகுதியாக எடுப்பதா, கட்டியைச் சுற்றி எடுப்பதா?

அடையாளத்தைப் பற்றிப் பேசும் முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கட்டியைச் சுற்றி ஒரு விளிம்பு விட்டு எடுக்கப் போகிறோம் என்றால் செக்மென்ட் எல்லை எங்கே என்று தேடுவதே வீண்.

கல்லீரல் செல் புற்று, போர்ட்டல் சிரையின் கிளைகள் வழியாகப் பக்கத்தில் பரவும் குணம் உள்ளது. தாய்க்கட்டி உட்கார்ந்திருக்கும் அதே கிளையின் பாசனத்தில்தான் குட்டிக் கட்டிகள் முளைக்கும். அதனால் அந்தக் கிளை பாயும் இடம் முழுவதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்பது ஜப்பானிய அறுவை மருத்துவர் மகூச்சியின் யோசனை. 1985-இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டிய வழி, அல்ட்ராசவுண்டைப் பார்த்துக்கொண்டே அந்தப் போர்ட்டல் கிளையில் சாயம் ஏற்றி, நிறம் மாறிய பகுதியை வெட்டி எடுப்பது.

தர்க்கம் கச்சிதமானது. ஆதாரம் அவ்வளவு கச்சிதமாக இல்லை. பகுதியாக எடுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்தவை. நல்ல கல்லீரல் உள்ளவருக்குத்தான் பெரிதாக வெட்டியிருப்பார்கள், அதனால் அவர் நீண்ட நாள் வாழ்ந்ததில் வெட்டிய முறைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்னொரு பக்கம், 2007-இல் சீனாவிலிருந்து வந்த சீட்டுக்குலுக்கல் ஆய்வு 169 நோயாளிகளை 1 செ.மீ. விளிம்பு, 2 செ.மீ. விளிம்பு என்று பிரித்துப் பார்த்து, அகலமான விளிம்பு உள்ளவர்களே அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று காட்டியது. ஆக, பகுதி முழுவதும் எடுப்பதால் கிடைக்கும் நன்மையில் ஒரு பங்கு, விளிம்பு அகலமாக அமைவதாலும் வரலாம்.

என் முடிவு இது: கல்லீரல் தாங்கும் என்றால் பகுதியாக எடுங்கள், தாங்காது என்றால் பிடிவாதம் வேண்டாம். தாங்குமா என்பதற்கு மகூச்சியின் அளவுகோலே இன்றும் நல்ல வழிகாட்டி. வயிற்றில் நீரும் பிலிருபின் உயர்வும் இல்லாதவருக்கு, 15 நிமிட ஐசிஜி மிச்சம் 10 முதல் 19 சதவீதத்துக்குள் இருந்தால் வலப்புறத்தின் ஒரு பகுதியை எடுக்கலாம். 20 முதல் 29 என்றால் ஒரு செக்மென்ட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 30-ஐத் தாண்டினால் கட்டியைச் சுற்றி மட்டும்தான். நம் நோயாளிக்கு 14. வலப் பின்பகுதியை எடுக்கலாம்.

இதே இடத்தில் இருப்பது பெருங்குடல் புற்றிலிருந்து பரவிய கட்டியாக இருந்தால் என் பதில் தலைகீழாக மாறும். அந்தக் கட்டிகள் திரும்ப வந்தால் மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும். கல்லீரலை எவ்வளவு மிச்சம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. நார்வேயின் ஓஸ்லோ-காமெட் ஆய்வில் இப்படிச் சிக்கனமாக வெட்டப்பட்ட 280 பேரில், லேப்ராஸ்கோப்பியில் செய்தவர்களுக்குச் சிக்கல்கள் 19 சதவீதம், திறந்து செய்தவர்களுக்கு 31 சதவீதம். உயிர்வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. அங்கே உடற்கூறு அடையாளத்தின் வேலையே வேறு. எந்தக் கிளையைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் அது வேண்டும்.

வாய்க்காலும் வடிகாலும்

கல்லீரலைப் பாசன வயலாக நினைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். போர்ட்டல் சிரை, கல்லீரல் தமனி, பித்தநாளம் மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்து ஒவ்வொரு வயலின் நடுவுக்கும் போகின்றன. அது வாய்க்கால். கல்லீரல் சிரைகள் இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்போரம் ஓடி, இரு பக்கத்து நீரையும் வாங்கிக் கீழ்ப்பெருஞ்சிரையில் கொட்டுகின்றன. அது வடிகால். பிரான்ஸின் குய்னோ 1957-இல் வரைந்த எட்டு செக்மென்ட் படத்தின் அடிப்படை இதுதான். ஆகவே எல்லையைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. மடையை அடைத்துவிட்டு எந்த வயல் காய்கிறது என்று பார்க்கலாம். அல்லது வரப்போர வடிகாலைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம். கீழே வரும் முறைகள் எல்லாம் இந்த இரண்டின் வகைகள்தான்.

மேற்பரப்பை மட்டும் பார்த்துப் போவதை மூன்றாவது வழியாகச் சிலர் சேர்ப்பார்கள். பித்தப்பைக் குழியிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை வரை போகும் கேன்ட்லி கோடு அப்படிப்பட்டது. வலப் பின்பகுதிக்கு மேற்பரப்பை மட்டும் நம்புவதை நான் ஒரு வழியாகவே எண்ண மாட்டேன். சிரோசிஸில் வலப்பக்கம் சுருங்கும், இடப்பக்கமும் வால் பகுதியும் வீங்கும். பித்தப்பை இருந்த இடம் விட்டு நகரும். அது போதாதென்று, கல்லீரலை உதரவிதானத்திலிருந்து விடுவித்து இடப்பக்கமாகச் சாய்த்தவுடன் சிடி படத்தில் பார்த்த திசைகள் எல்லாம் சுழன்றுவிடும்.

மேற்பரப்பில் ஒன்றே ஒன்று விதிவிலக்கு. பிரான்ஸ் உடற்கூறு அறிஞர் ரூவியேர் 1924-இல் விவரித்த பள்ளம். பித்தப்பையின் கழுத்துக்கு வலப்புறம், கல்லீரலின் அடிப்பக்கத்தில் 2, 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு வெடிப்புபோல இருக்கும். ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேருக்குக் காணலாம். சிலருக்குத் திறந்த பள்ளம், சிலருக்கு வெறும் தழும்புக் கோடு. பித்தப்பை அறுவை செய்பவர்கள், இதற்கு மேலேயே இருந்தால் பித்தநாளம் பத்திரம் என்று இதைக் காவல் கோடாக வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வலப் பின்பகுதிக்குப் போகும் காம்பு, அதாவது உறையோடு கூடிய அந்த வாய்க்கால், பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. ஆனால் இது வாசலைக் காட்டும் அடையாளமே தவிர வெட்ட வேண்டிய கோடு அல்ல.

முதல் வழி: காம்பை வெளியிலிருந்தே பிடிப்பது

மூன்று குழாய்களையும் சுற்றியிருக்கும் உறைக்கு, 1654-இல் அதை விவரித்த ஆங்கிலேயர் கிளிசனின் பெயர். உறையைப் பிரிக்காமல் வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதுபோல மொத்தமாகக் கட்டிவிடலாம் என்பதைத் தோக்கியோவின் தகசாக்கி 1980களில் ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். லேப்ராஸ்கோப்பிக்கு இது மிகவும் பொருந்தி வந்தது. உறைக்குள் நுழைந்து தமனி, சிரை, பித்தநாளம் மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பது நீண்ட கருவிகளோடு செய்யும்போது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

ஆனால் எங்கே நுழைவது? கல்லீரலைக் கிழிக்காமல் காம்புக்குப் பின்னால் எப்படிப் போவது? இதற்குத் தெளிவான பதில் தந்தவர் ஜப்பானின் சுகியோக்கா. கல்லீரல் சதைக்குச் சொந்தமாக ஒரு மெல்லிய உறை இருப்பதை லேனெக் 1802-இலேயே எழுதியிருந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே லேனெக். சிரோசிஸ் என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். இந்த லேனெக் உறை காம்போடு ஒட்டாமல் சதையோடு நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு என்பதை வைத்து, 2017-இல் சுகியோக்காவும் சக மருத்துவர்களும் நான்கு அடையாளங்களையும் ஆறு வாசல்களையும் வகுத்தார்கள். அடையாளங்கள் இவை: அரான்ஷியஸ் தகடு, தொப்புள் தகடு, பித்தப்பைத் தகடு, வால் பகுதிக்குப் போகும் கிளிசன் காம்பு. தகடு என்பது உறை தடித்திருக்கும் இடம். எந்தக் காம்பைப் பிடிக்க எந்த இரண்டு வாசல்களை இணைப்பது என்பது ஒரு வரைபடமாகவே கிடைத்துவிட்டது.

நமக்கு வேண்டியவை ஐந்தாவது, ஆறாவது வாசல்கள். ஐந்தாவது, வலக் காம்பு முன், பின் என்று பிரியும் கவட்டை. ஆறாவது, ரூவியேர் பள்ளத்துக்கும் வால் பகுதிக் காம்புக்கும் நடுவே இருக்கும் இடம். பித்தப்பைத் தகட்டை இறக்கி, கவட்டையில் தொடங்கி ஆறாவது வாசலில் வெளியே வந்தால் பின்பகுதிக் காம்பு அதைச் சுற்றிப் போடும் டேப்புக்குள் வந்துவிடும்.

இந்த வழியின் பெரிய பலம், திரும்பப் பெற முடிவது. டேப் போட்டதும் வெட்ட வேண்டியதில்லை. ரத்தத்தை அடைக்கும் ஒரு சிறிய கிளாம்ப்பை, அதாவது கவ்வியை, போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். சில நிமிடங்களில் கல்லீரல் கறுக்கும், எல்லை தெரியும். தவறு என்றால் கிளாம்ப்பை எடுத்துவிட்டு மறுபடி தேடலாம். கட்டியைக் கையாளத் தொடங்கும் முன்பே அதன் போர்ட்டல் கிளை அடைபட்டுவிடுவதும் புற்று அறுவையில் ஓர் ஆறுதல்.

இங்கே மூன்று ஆபத்துகள் உண்டு. மூன்றையும் எல்லாரும் ஒருமுறையாவது சந்திப்பார்கள். முதலாவது, ரூவியேர் பள்ளத்தில் இருப்பது முழுக் காம்பு என்று நம்பி ஆறாவது செக்மென்ட்டின் கிளையை மட்டும் பிடித்துவிடுவது. ஏழாவதின் கிளை இன்னும் உள்ளே மேல்நோக்கி வளைந்து போயிருக்கும். கிளாம்ப் போட்டபின் கறுப்பு கீழ்ப்பாதியோடு நின்று, உதரவிதானப் பக்கம் சிவப்பாகவே இருந்தால் நடந்திருப்பது இதுதான். நம் நோயாளியின் கட்டி ஏழாவதில் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் வெட்டினால் எதை எடுக்க வந்தோமோ அதன் காம்பையே விட்டுவிட்டவர்கள் ஆவோம். இரண்டாவது, டேப்பை அதிகம் இழுத்துக் காம்பின் வேரில், அதை மூடி வெட்டும் ஸ்டேப்ளரை வைப்பது. முன்பகுதியின் பித்தநாளமும் கூடவே இழுபட்டு ஸ்டேப்ளரின் வாய்க்குள் வரும். வேரிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். மூன்றாவது, சிரோசிஸோடு போர்ட்டல் அழுத்தமும் கூடியிருந்தால் அந்த லேனெக் இடைவெளியே கசியத் தொடங்கும்; படத்தில் பார்த்த சுத்தமான இடைவெளியை எதிர்பார்க்காதீர்கள்.

கட்டி காம்பின் வேருக்கு ஒரு செ.மீ.க்குள் வந்துவிட்டாலோ, போர்ட்டல் சிரைக்குள் புற்று நுழைந்து வேர் வரை வந்திருந்தாலோ இந்த வழி கூடாது. மொத்தமாகக் கட்டும்போது புற்றையும் சேர்த்து நசுக்கிவிடுவோம். உறையைத் திறந்து ஒவ்வொரு குழாயையும் தனியாகக் கண்ணால் பார்த்தே வெட்ட வேண்டும். ஹைலத்தில், அதாவது குழாய்கள் கல்லீரலுக்குள் நுழையும் இடத்தில், வரும் பித்தநாளப் புற்றுக்கும் இதே விதி.

இரண்டாவது வழி: சிரையைப் பிடித்து நடப்பது

வலப் பின்பகுதிக்கும் முன்பகுதிக்கும் நடுவே ஓடும் வடிகால் வலக் கல்லீரல் சிரை. அறுவை முடிந்து பார்க்கும்போது வெட்டிய தளத்தில் அந்தச் சிரை வேரிலிருந்து நுனி வரை நீளமாகத் தெரிந்தால், சரியான தளத்தில் வந்திருக்கிறோம். இதைவிட நேர்மையான சாட்சி வேறு கிடையாது.

லேப்ராஸ்கோப்பியில் இதற்கு ஒரு தனி வசதி உண்டு. கேமரா காலடிப் பக்கத்திலிருந்து பார்ப்பதால் கீழ்ப்பெருஞ்சிரையின் முன்பக்கம் கண்ணெதிரே நீளும். வலப்பக்கத்தை விடுவித்து, கீழ்ப்பெருஞ்சிரையைச் சுற்றிப் பிடித்திருக்கும் மகூச்சி தசைநாரை வெட்டினால் சிரையின் வேர் தெரியும். அங்கிருந்து நுனியை நோக்கிப் போவதுதான் ஹோண்டா போன்ற ஜப்பானிய மருத்துவர்கள் வலியுறுத்தும் முறை. காரணம் எளிது. நுனியிலிருந்து வேரை நோக்கிக் கருவியை ஓட்டினால், கிளை பிரியும் கவட்டையில் முனை மாட்டிச் சிரை இரண்டாகப் பிளக்கும். வேரிலிருந்து நுனிக்குப் போனால் கவட்டைகள் கருவிக்கு முதுகு காட்டும். மரக்கிளையில் கையை எந்தத் திசையில் உருவினால் கவையில் மாட்டாது என்று எண்ணிப் பாருங்கள், அதே கணக்கு.

நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் வலக் கல்லீரல் தன் எடையிலேயே விலகிக் கொடுக்கும். வலக் கல்லீரல் சிரை கீழ்ப்பெருஞ்சிரையைவிட உயரத்தில் வந்துவிடுவதால் ரத்தக் கசிவும் குறையும். ஆனால் ரத்தம் வராத ஓட்டை வழியாக வாயு உள்ளே போகலாம். மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மைய சிரை அழுத்தத்தைக் குறைவாக வைப்பதும், நுரையீரலுக்குக் கொடுக்கும் அழுத்தத்தைத் தேவைப்படும் நேரத்தில் தாழ்த்துவதும் அவர் கையில் இருக்கிறது. இந்த அறுவையில் அவர் பாதி அறுவை மருத்துவர்.

குறை எங்கே? சிரை எல்லாருக்கும் முழு நீளத்துக்கு ஓடுவதில்லை. ஐந்தில் ஒருவர் அளவுக்கு, கீழே தனியாக ஒரு தடித்த கீழ்வலக் கல்லீரல் சிரை இருக்கும். அது பெரிதாக இருந்தால் மேலே உள்ள முக்கியச் சிரை குட்டையாக முடிந்துவிடும். பாதி வழி வரை கை பிடித்து வந்தவர் ஆறாவது செக்மென்ட் வந்ததும் காணாமல் போனதுபோல ஆகிவிடும். அதன்பின் எல்லை என்று நாம் வெட்டுவது ஊகம்தான். காம்பை முதலில் அடைக்காமல் இந்த வழியில் மட்டும் போனால் கறுப்புக் கோடும் கிடைக்காது, வெட்டும் நேரம் முழுக்கப் பிரிங்கிள் முறையில் மொத்த ரத்த வரவையும் 15 நிமிடம் அடைத்து 5 நிமிடம் விட்டு என்று ஓட்ட வேண்டியிருக்கும். சிரோசிஸ் கல்லீரலுக்கு அந்தச் சுற்றுகள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது வழி: ஒளிரும் சாயம்

மகூச்சி 1985-இல் செய்ததன் இன்றைய வடிவம் ஐசிஜி. அகச்சிவப்புக்குப் பக்கத்து ஒளியில் பச்சையாக ஒளிரும் படத்தைத் திரையில் பார்க்கிறோம். இரண்டு விதமாகக் கொடுக்கலாம். எடுக்க வேண்டிய பகுதியின் போர்ட்டல் கிளையில் நேராக ஊசி போட்டு அந்தப் பகுதியை ஒளிரச் செய்யலாம். அல்லது காம்பை அடைத்துவிட்டுக் கைச் சிரையில் 2.5 மி.கி. கொடுத்தால் மீதி எல்லாம் ஒளிரும், எடுக்க வேண்டியது இருட்டாக நிற்கும்.

முதல் விதம் கேட்க நன்றாக இருக்கும், செய்யக் கடினம். வயிற்றுச் சுவர் வழியாக வரும் நீண்ட ஊசியை லேப்ராஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய கிளைக்குள் செலுத்த வேண்டும். கொஞ்சம் வேகமாக அழுத்தினால் சாயம் பின்னால் வழிந்து பக்கத்துப் பகுதிகளும் ஒளிரும். ஐசிஜி பித்தநீர் வழியாக மட்டுமே வெளியேறும், அதுவும் மெதுவாக. தப்பினால் அன்றைக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. ஏழாவது அல்லது எட்டாவது செக்மென்ட்டை மட்டும் தனியாக எடுக்க வேண்டும், காம்பு ஆழத்தில் இருக்கிறது, வெளியிலிருந்து பிடிக்க முடியாது என்ற நிலையில் இதற்கு ஈடு கிடையாது. வலப் பின்பகுதி முழுவதையும் எடுப்பதற்கு இந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது விதம் முதல் வழியோடு சேர்ந்தே வரும். வெள்ளை ஒளியில் கறுப்புக் கோடு தெரிவது முண்டும் முடிச்சுமான கல்லீரலில் பல நேரம் மங்கலாக இருக்கும். ஐசிஜியில் தெளிவாக இருக்கும். அதைவிட முக்கியம், கறுப்புக் கோடு மேற்பரப்போடு முடிந்துவிடும், ஐசிஜியோ வெட்டும் தளத்துக்குள்ளும் பச்சைக்கும் இருட்டுக்கும் எல்லை காட்டிக்கொண்டே வரும். பகுதிகளின் எல்லை தட்டையான சுவர் அல்ல. அலை அலையாக வளைவது. அந்த வளைவைத் தொடர இது உதவும். ஆனால் ஒளி ஒரு செ.மீ. ஆழத்துக்கு மேல் ஊடுருவாது, அதனால் வெட்டி விரிக்க விரிக்கத்தான் தெரியும்.

பலரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. நம் நோயாளிக்கு ஏற்கெனவே 15 நிமிடச் சோதனைக்காக ஐசிஜி கொடுத்திருக்கிறோம். சிரோசிஸ் கல்லீரல் அதைச் சீக்கிரம் வெளியேற்றாது. சோதனையை அறுவைக்கு முந்தைய ஓரிரு நாளில் வைத்தால், அறுவை அன்று இருட்டாக நிற்க வேண்டிய பகுதியும் மங்கலாக ஒளிரும். கட்டி ஒளிர வேண்டும் என்பதற்காகச் சிலர் வேண்டுமென்றே சில நாள் முன்பு கொடுப்பார்கள். அதுவும் இந்த எல்லையைக் கெடுக்கும். இரண்டில் எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்து, சோதனைக்கும் அறுவைக்கும் நடுவே போதிய நாள் விட வேண்டும். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் கொடுக்கவும் கூடாது.

அப்புறம் செலவு. இந்தக் கேமரா எல்லா மருத்துவமனையிலும் இல்லை. அது இல்லாத இடத்தில் இந்த அறுவையைச் செய்யக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கிளாம்ப், வெள்ளை ஒளி, அல்ட்ராசவுண்ட் மூன்றும் இருந்தால் போதும். அல்ட்ராசவுண்ட் இல்லை என்றால்தான் கூடாது. கட்டியின் விளிம்பு எங்கே, சிரை எவ்வளவு தூரத்தில், கிளாம்ப் போட்டபின் முன்பகுதியில் ரத்தம் ஓடுகிறதா என்ற மூன்றையும் சொல்ல வேறு எதுவும் இல்லை. இழந்த விரலுக்கு மிக அருகில் வருவது அதுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நம் நோயாளிக்கு நான் தேர்ந்தெடுக்கும் அடையாள வரிசை: காம்பு முதலில், சிரை அடுத்தது. இடப்பக்கம் சாய்த்த நிலை. ரூவியேர் பள்ளத்தைப் பார்த்து, ஐந்து, ஆறு வாசல்கள் வழியாக டேப். கிளாம்ப். கறுப்பு உதரவிதானம் வரை ஏறுகிறதா என்று மேலே போய்ப் பார்ப்பது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டில் முன்பகுதியின் ஓட்டத்தை உறுதி செய்வது. கேமரா இருந்தால் ஐசிஜி. இதற்குப் பின்தான் ஸ்டேப்ளர். வெட்டத் தொடங்கியபின் வலக் கல்லீரல் சிரையை வேரிலிருந்து பிடித்து இறங்குவது.

ஹைலத்தில் முன்பு அறுவை நடந்து எல்லாம் ஒட்டிக் கிடந்தாலும், பித்தப்பை அழற்சியால் ரூவியேர் பள்ளமே மூடிப்போயிருந்தாலும் வரிசையை மாற்றுவேன்: சிரை முதலில், கல்லீரலைத் திறந்துகொண்டே போய்ப் பின்பகுதிக் காம்பை உள்ளேயே பிடிப்பது. சிடியில் தடித்த கீழ்வலச் சிரை தெரிந்தால் சிரையை மட்டும் நம்ப மாட்டேன். காம்பும் சாயமும் கட்டாயம். ஐசிஜி மிச்சம் 35 என்று வந்திருந்தால் இந்த அடையாளங்கள் எதுவும் வேண்டாம், அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கட்டியைச் சுற்றி எடுத்துவிட்டு வெளியே வருவேன்.

நான் எதையும் ஒற்றை அடையாளத்தை வைத்து வெட்டுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஆரம்ப நாட்களில் ஒருவருக்கு இதே பின்பகுதி அறுவை செய்தபோது கறுப்புக் கோடு அழகாகத் தெரிந்தது. அந்தக் கோட்டிலிருந்து நேர்க்கீழாக வெட்டிக்கொண்டு போனேன். சிரை வரவே இல்லை. வரும் வரும் என்று இன்னும் இரண்டு செ.மீ. போனேன். அல்ட்ராசவுண்டை வைத்தபோதுதான், சிரை எனக்கு இடப்பக்கம் தள்ளி இருப்பதும், நான் கட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதும் தெரிந்தது. தளத்தைத் திருப்பிக் கட்டியைத் தொடாமல் வெளியே வந்தேன், ஆனால் நோய்க்கூறு அறிக்கையில் விளிம்பு 3 மி.மீ. என்று இருந்தது. ஒரு செ.மீ.க்கு மேல் கொடுத்திருக்க முடிந்தவருக்கு 3 மி.மீ. கொடுத்தேன். அன்றிலிருந்து மேலே தெரியும் கோடு எனக்குத் தொடங்கும் இடம் மட்டுமே.

இரண்டு அடையாளங்கள் ஒத்துப்போகாத நேரம் கட்டாயம் வரும். கறுப்புக் கோடு ஒரு பக்கம், சிரை இன்னொரு பக்கம். அப்போது நான் செய்வது: வெட்டுவதை நிறுத்தி, பஞ்சுத் துணியை வைத்து அழுத்திவிட்டு, கிளாம்ப்பைத் திறந்து, அல்ட்ராசவுண்டில் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரை வரை பின்தொடர்ந்து பார்ப்பேன். நான் வலச் சிரை என்று நினைத்தது அதன் ஒரு கிளையாக இருக்கலாம், கிளாம்ப்பில் பாதிக் காம்பு மட்டும் இருக்கலாம். பத்து நிமிடம் இப்படிச் செலவானால் நோயாளிக்கு எதுவும் குறையாது.

அப்படியும் எங்கே இருக்கிறோம் என்று தெளிவாகவில்லை என்றாலோ, சிரையில் வரும் ரத்தம் அழுத்தத்துக்கும் தையலுக்கும் அடங்கவில்லை என்றாலோ வயிற்றைத் திறந்துவிடுவேன். திறப்பதற்கான தட்டு அறுவை தொடங்கும் முன்பே மேஜையில் எண்ணி வைக்கப்பட்டிருக்க வேண்டும். திறக்க வேண்டி வரலாம் என்பதை முந்தின நாளே நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும் சொல்லியிருக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்திருப்பவருக்கு எந்த இடத்தில் கீறுவது என்பதையும், பதற்றம் இல்லாத அந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே தோலில் மையால் வரைந்து வைத்துவிடுகிறேன்.